பதிவேட்டு மனிதர்கள் – 9: சிறையில் கழிந்த நாட்களின் கணக்கு

ஒருவன் கைதாகும் நாள் தொட்டு விடுதலையாகும் நாள் வரையில் அவனைக் குறித்து எழுதப்படும் காகிதங்கள் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சிறைச்சாலையிலுமாக மூன்று ஸ்தலங்களில் தனித்தனியே தங்கிவிடுகின்றன என்று சென்ற வாரம் கண்டோம். அம்மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒரே மனிதனுடைய பல்லாண்டு வாழ்க்கையை வரிசைப்படுத்திப் பார்க்க முயன்றால் என்ன தெரியவரும், எவ்விடத்தில் நாம் ஏமாறக்கூடும் என்பதே இவ்வார விஷயம்.

சூலூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. கோயமுத்தூரிலிருந்து திருச்சி சாலை வழியாகக் கிழக்கே வருகிறவன் சிங்காநல்லூரில் இருக்கும்போது மாநகரக் காவல் ஆணையரின் அதிகாரத்துக்குள் இருக்கிறான். சூலூரை அடைந்ததும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லைக்குள் வந்துவிடுகிறான். காரணம்பேட்டையைத் தொட்டுப் பல்லடம் செல்வானாகில், 2009இல் உண்டான திருப்பூர் மாவட்டத்துக்குள் புகுந்துவிடுகிறான். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும் இந்தத் தூரத்துக்குள் கழுத்துச் சங்கிலி பறிப்பவன் ஒருவன் மூன்று இடங்களில் பிடிபட்டால், மூன்று அதிகாரங்களின் ஏடுகளில் மூன்று புது மனிதர்களாக அவன் அவதாரம் எடுப்பது முன்னாளில் சர்வ சாதாரணம்.

அவர்கள் மூவரும் ஒருவரே என்று ஸ்தாபிப்பதுதான் முதல் வேலை. கொங்கு நாட்டில் பழனிச்சாமிக்கும் சுப்பிரமணியத்துக்கும் பஞ்சமில்லை. தகப்பனார் பெயர் இராமசாமி என்று இருந்துவிட்டால் அதுவும் தெருவுக்கு நான்கு கிடைக்கும். ஓர் ஏட்டில் ‘பழனிச்சாமி’, மற்றொன்றில் ‘பழனிசாமி’, மூன்றாவதில் தலைப்பெழுத்து முன்னே, நான்காவதில் பின்னே. வயதோ எழுதுகிறவர் பார்வைக்கு எட்டியபடி முப்பது, முப்பத்தைந்து என்று உருண்டையாக நிற்கும். சிறை ஏட்டில் அங்க அடையாளம் என்று ஒரு கலம் உண்டு: வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்காலில் பழைய தழும்பு. விசைத்தறியில் தீர்ந்துபோன பாவோடு புதுப் பாவை இழைக்கு இழை முறுக்கிச் சேர்க்கும் பாவு பிணைப்பவர், ஓர் இழையை அடுத்ததோடு மாற்றிச் சேர்த்துவிட்டால் அப்பிழை துணி நெடுக ஓடுமல்லவா, அவ்வண்ணமே இங்கும் தவறாக இணைத்த ஒரு வரி, நிரபராதி ஒருவனுடைய ஜாதகத்தில் அந்நியன் செய்த திருட்டை ஆயுள் முழுவதற்கும் எழுதிவிடுகிறது.

இதற்காகவே பெயரை விட்டு விரல்களை நாடினார்கள். எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கும் விரல்ரேகை வகைப்பாடு, அஜிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் வங்கத்து உதவி அதிகாரிகள் இருவரின் உழைப்பால் உருப்பெற்று, 1897இல் கல்கத்தாவில் நடைமுறைக்கு வந்தது. 2022 முதல் கைதாகிறவனுடைய ரேகைகளுக்குத் தேசிய அளவில் பத்து இலக்க எண் ஒன்று வழங்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. ஆளை அடையாளம் காணும் சிக்கல் இவ்வாறு பெரும்பாலும் தீர்ந்தது. ஆயின் அந்த ஆளைப் புரிந்துகொள்ளும் சிக்கல் தீரவில்லை.

கைதுப் பதிவோடு சிறைப் பதிவையும் ஏன் சேர்க்க வேண்டும்? ஐந்தாண்டுகளில் நான்கு முறை கைதானவன் ஒருவன் இருக்கிறான் என்று கொள்வோம். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று என்று கணக்கிட்டால் அது பிழை. ஏனெனில் அவ்வைந்தில் மூன்று ஆண்டுகள் ரிமாண்டிலும் தண்டனையிலுமாக உள்ளேயே கழிந்திருக்குமாயின், வெளியே நடமாடிய இரண்டே ஆண்டுகளுக்குத்தான் அந்நான்கும் உரியவை, ஆண்டுக்கு இரண்டு. மற்றொருவன் மூன்று ஆண்டுகளாக எந்த ஏட்டிலும் தென்படவில்லை. திருந்திவிட்டான் என்று மகிழ்வதற்கு முன், அவன் வேறொரு வழக்கில் வேறொரு மாவட்டச் சிறையில் இருந்தானா, கேரளத்துக்குப் பிழைக்கப் போனானா, இறந்தே போனானா என்று கேட்க வேண்டும். சிறை ஏடு இல்லாத கைது ஏடு, திருந்தியவனையும் அடைபட்டவனையும் ஒரே மௌனத்தில் வைத்துவிடுகிறது. அமெரிக்காவில் ஆல்பிரட் புளூம்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1970களின் இறுதியிலிருந்து வற்புறுத்தி வந்த விஷயம் இது. எளிய கணக்கேயாயினும், இதைச் செய்யாமல் வெளியிடப்படும் எண்கள்தாம் அதிகம்.

இத்துறையில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் ஆராய்ச்சி பிலடெல்பியாவினுடையது. 1945இல் பிறந்து அந்நகரில் வளர்ந்த 9,945 ஆண் பிள்ளைகளின் போலீஸ் பதிவுகளை உல்ப்காங்கும் அவரோடு இருவரும் சேர்ந்து தொடர்ந்து பார்த்து 1972இல் நூலாக்கினார்கள். ஐந்து தடவைக்கு மேற்பட்டோ, ஐந்து தடவையோ சிக்கியவர்கள் 627 பேர், அதாவது நூற்றுக்கு ஆறு பேர் சொச்சம். பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் அவர்களுடையவை. அந்தச் சிறு கூட்டத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து அடைத்துவிட்டால் ஊர் அமைதி பெறும் என்ற ஆசை ஆட்சியாளர்களுக்கு உடனே பிறந்தது. பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்வது எளிது. பதினைந்து வயதுப் பையனைப் பார்த்து இவன் அந்த அறுநூற்றுச் சொச்சத்தில் ஒருவனாவான் என்று சொல்வது எளிதன்று என்பதை அந்த ஆசை மறந்துவிட்டது.

நம் நாட்டிலோ குற்றம் நிகழ்வதற்கு முன்பே ஏடு திறந்த காலம் ஒன்று இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்தில் அமலுக்கு வந்து, பிறந்த குலத்தின் பெயராலேயே மக்களின் ரேகையைப் பதிந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1947இல் இம்மாகாணத்தில் சட்டம் நீங்கிற்று. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சிறைப் பதிவேட்டிலிருந்து ஜாதிக் கலத்தை நீக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024 அக்டோபர் 3ஆம் நாள். அத்தனை காலமும் அக்கலம் நிரப்பப்பட்டுக்கொண்டே இருந்த ஏடுகளை வைத்துத்தான், எவர் பரம்பரைத் திருடர் என்ற அனுமானங்கள் ‘பிரமாணம்’ பெற்றன என்பதை நினைக்கும்போது நெஞ்சு பொறுப்பதில்லை.

எங்கள் ஊர் ஏட்டுக்கு வருகிறேன். 1942 ஆகஸ்டு 26ஆம் நாள் இரவு, யுத்தத்துக்காக அமைந்துகொண்டிருந்த சூலூர் விமான தளத்தின் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைக்கப்பட்டது. அதற்குப்பின் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் போலீசார் புகுந்து இளைஞர்களைத் திரளாகப் பிடித்தார்கள். அன்றைய ஏட்டில் அது தீ வைப்பு, சொத்து அழிவு, சதி. ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அப்பதிவுகளை மட்டும் கோத்தால், கொங்கு நாட்டில் அவ்வாண்டு திடீரென்று கொடிய குற்றவாளிகள் நூற்றுக்கணக்கில் தோன்றினார்கள் என்றே முடிவு கட்ட நேரும். முப்பதாண்டு கழித்து, 1972 ஆகஸ்டு 15 முதல், மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோது, பொதுவாகக் குறைந்தது ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று கேட்டது. எந்த ஏட்டின் வரி அவர்களைக் குற்றவாளி என்றதோ அதே வரியின் நகலைத் தேடி முதியவர்கள் சிறைச்சாலை வாயிலுக்குப் போக வேண்டியதாயிற்று. ஏடு கிடைக்காதவர்கள் உடன் சிறையிருந்தவரிடம் சான்றிதழ் வாங்கினார்கள். பதிவேடு அரசு செய்த காரியத்தையே முதலில் குறித்துவைக்கிறது. மனிதன் செய்த காரியம் அதற்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைத் தனியே விசாரித்தாக வேண்டும்.

இன்றைய நிலையில் இந்த விசாரணை மிகவும் அவசியம். 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். இவர்களில் விடுதலையாகப் போகிறவர் பலர். காவல் நிலையங்களையும் நீதிமன்றங்களையும் சிறைகளையும் இணைக்கும் கணினி ஏற்பாடு நடந்துவருகிறது. கைது எவ்வளவு விரைவில் அதில் ஏறுகிறதோ அவ்வளவு விரைவில் விடுதலைத் தீர்ப்பும் ஏற வேண்டும் என்பதே என் கோரிக்கை. 2022ஆம் ஆண்டு அடையாளச் சட்டம் அளவுகளையும் ரேகைகளையும் 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. முன் தண்டனை இல்லாத ஒருவன், மேல் முறையீடெல்லாம் முடிந்து விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாத பட்சத்தில் அவற்றை அழித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அழிக்கும்படி குறிப்பிட்ட அதிகாரிக்கு விண்ணப்பம் போக வேண்டும் என்பது விதி. தறிக் கூலியில் காலந்தள்ளும் ஒருவன் பொய் வழக்கிலிருந்து மீண்டு வந்து இவ்விண்ணப்பத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தீர்ப்பில் கையெழுத்திட்ட நடுவர் மன்றமே அதன் நகலை அந்த அதிகாரிக்கு அனுப்பிவைக்கும்படி நம் மாநில அரசு ஓர் உத்தரவு பிறப்பித்தால் போதும், அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியிராது.

(தொடரும்)