விறகுப்புரையும் வீட்டார் உடல்நலமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் கேஸ் சிலிண்டர் வந்த பிறகும் விறகடுப்பு அணைந்துவிடவில்லை. சோறு பொங்கவும் குளிக்க வெந்நீர் போடவும் பல வீடுகளில் இன்றும் விறகுதான். வெள்ளறடை, குன்னத்துக்கால் பக்கம் முறித்த ரப்பர் மரங்கள் விறகாகின்றன. கடலை ஒட்டிய தென்னந்தோப்புகளில் மட்டை, கொதும்பு, கதம்பை, சிரட்டை. விறகால் வரும் கேடு என்றதும் புகை மட்டுமே நினைவுக்கு வரும். அந்தப் புகையில் எவ்வளவு நஞ்சு சேரும் என்பது, விறகைப் பிளந்து காயவைத்த விதத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. புகையோடு தொடர்பே இல்லாத சில நோய்களும் விறகுக் குவியலை ஒட்டியே வருகின்றன.

ஈர விறகு ஏன் கேடு

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அடுப்பில் வைத்ததும் தீயின் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. தீயின் வெப்பம் குறைவதால் மரத்திலிருந்து வெளிவரும் வாயுக்கள் முழுதாக எரியாமல் நுண்துகள்களாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் சமையலறையில் பரவுகின்றன. இத்துகள்கள் மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை. நாள்பட்ட மூச்சடைப்பு நோய், இதயநோய், பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை, குழந்தைகளின் நிமோனியா ஆகியவற்றோடு அடுப்புப் புகைக்குத் தொடர்பு உண்டு. 2020இல் மட்டும் வீட்டுக்குள் சேரும் புகையால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைக்கும் வீடுகளில் தாயும் பிள்ளையும் ஒரே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்.

வெட்டலும் பிளத்தலும்

இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. ஜூன் தொடங்கி நவம்பர் வரை விறகு காய நல்ல வெயில் கிடைப்பது அரிது. மகரம், கும்பம், மீனம் மாதங்களில் (ஜனவரி நடு முதல் ஏப்ரல் நடு வரை) வெட்டிப் பிளந்து, இடவப்பாதி மழைக்கு முன் விறகுப்புரையில் ஏற்றிவிடுவதே சரி. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. முறித்த சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துக் கறுக்கும், வண்டும் துளைக்கும். முழுத் தடியாகப் போட்டுவைத்தால் பட்டைக்குள் ஈரம் அடைபட்டு இது இன்னும் விரைவாக நடக்கும். மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்தால் காற்று எளிதில் புகும். பூஞ்சை படிந்த விறகைக் கையாளும்போது கிளம்பும் தூசி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அவர்கள் முகக்கவசம் அணிய வேண்டும், அல்லது அந்த வேலையை வேறொருவரிடம் விட வேண்டும்.

கோடாலி வேலைக்குக் கட்டைமேடை முழங்கால் உயரம் இருந்தால் முதுகு வளைவது குறையும். வெறுங்காலோடு பிளப்பது இங்கே சகஜமென்றாலும் காலில் வெட்டுப்படுவதற்கு அதுவே வழி. மண் பட்ட காயத்துக்கு டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுக்கும் இடம்

விறகைத் தரையில் நேரடியாகக் குவிக்கக் கூடாது. செங்கல்லோ சிமென்ட் கட்டையோ வைத்து ஓரடி உயர்த்தி, மேலே மட்டும் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். தார்ப்பாயால் நாலாபுறமும் மூடிக் கட்டினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. சமையலறைச் சுவரோடு சாய்த்து அடுக்குவது கைக்கு வசதி. எலிக்கும் பாம்புக்கும் அதைவிட வசதி. சில அடி தள்ளி அடுக்கி, சுற்றிலும் புல்லைச் செத்திவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க முடியும். பழைய விறகு முன்னாலும் புதியது பின்னாலும் இருந்தால் எதுவும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்காது. அடுப்புக்கு மேலே பரணில் காயவைக்கும் வழக்கம் மழைக்காலத்துக்கு உதவும். தீப்பொறி எட்டாத உயரம் வேண்டும்.

குவியலில் ஒளிந்திருப்பவை

2022 ஜூனில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலால் வர்க்கலைப் பகுதியில் ஒரு சிறுமியும், சில நாட்களில் பாறசாலைப் பகுதியில் ஒரு பெண்ணும் உயிரிழந்தனர். மலையாளத்தில் செள்ளுப்பனி எனப்படும் இந்நோயைப் பரப்புவது, புதரிலும் எலிகள் நடமாடும் இடங்களிலும் வாழும் ஒருவகை நுண்சிலந்தியின் குஞ்சு. கண்ணுக்கு எளிதில் தெரியாது, கடித்தாலும் வலிக்காது. புதரை ஒட்டிக் கிடக்கும் விறகுக் குவியல் எலியையும் அதையும் ஒருசேர வளர்க்கும்.

கடித்து ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்துக் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். கடிபட்ட இடத்தில் பீடி சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் அடிப்புறம் போன்ற மறைவிடங்களில் இருப்பதால் பலரும் அதைக் கவனிப்பதில்லை. மருத்துவரிடம் காட்டவும் கூச்சப்படுகிறார்கள். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் மருந்துகள் தொடக்கத்திலேயே கிடைத்தால் நோய் குணமாகும். பென்சிலின் வகை மருந்துகளுக்கு இது கட்டுப்படாது. ஆகவே, காய்ச்சலோடு போகிறவர் விறகு எடுத்ததையும் புல் செத்தியதையும் மருத்துவர் கேட்காமலே அவரிடம் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது, துணியை வெந்நீரில் அலசுவது, கை கால் மூடிய உடை ஆகியவையே தடுப்பு. இதற்குத் தடுப்பூசி இல்லை.

எலிச் சிறுநீர் கலந்த ஈரமண்ணால் எலிக்காய்ச்சலும் வரும். கையில் காலில் புண் உள்ளவர் மழைக்காலத்தில் உறையில்லாமல் அடிவிறகைத் தொடக் கூடாது. ரப்பர் விளையிலிருந்து வரும் விறகோடு முப்ளி வண்டும் வீட்டுக்குள் நுழையும். நசுக்கினால் அதன் சாறு தோலைப் பொள்ள வைக்கும்.

விரியனும் கட்டுவிரியனும் எலியைத் தேடிக் குவியலுக்கு வருகின்றன. இருட்டில் கையை நுழைத்து விறகு உருவுவதே ஆபத்து. முதலில் கம்பால் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்து, மேலிருந்து எடுக்க வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்டவரை அசையவிடாமல் விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

அளவும் ஈரமும்

விறகை எடைக்கு வாங்கும்போது தண்ணீருக்கும் பணம் போகிறது. பாதி ஈரமுள்ள 100 கிலோ விறகு, எரிக்கத் தகுந்த 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் 62.5 கிலோதான் நிற்கும். அடுக்கிவைத்து நீளம், அகலம், உயரம் பெருக்கி வாங்குவது ஓரளவு நியாயமானது. ஒரு கன மீட்டர் அடுக்கில் மூன்றில் இரண்டு பங்கே மரம், மீதி இடைவெளி. காய்ந்த ரப்பர் விறகானால் ஏறத்தாழ 400 கிலோ. நாளுக்கு 3 கிலோ எரிக்கும் வீட்டுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை சுமார் 550 கிலோ வேண்டும். ஒன்றரை கன மீட்டர் அடுக்கு போதும்.

காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. பிளந்த நான்கைந்து துண்டுகளுக்கு அடையாளமிட்டு வாரம் ஒருமுறை தராசில் நிறுத்தால், எடை குறைவது நின்றதும் விறகு தயார். முனையில் வெடிப்பு விழும், பட்டை கழன்றுவரும், இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும்.

அடுப்பில் வைக்கக் கூடாதவை

பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு, பூச்சிமருந்தில் ஊறவைத்த ரப்பர் பலகை ஆகியவற்றின் புகையில் ரசாயன நஞ்சு கலந்திருக்கும். அண்டித்தோட்டில் (முந்திரிக்கொட்டைத் தோட்டில்) தோலைப் பொள்ளவைக்கும் எண்ணெய் உள்ளதால் அதன் புகையும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அரளிக் கொம்பை எரிப்பதும் ஆபத்து. தீ மூட்ட பிளாஸ்டிக் கவரைப் போடும் பழக்கத்தை உடனே கைவிட வேண்டும். அதற்குக் கொதும்பும் ஓலைச்சூட்டும் இருக்கின்றன.

1980களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய பரிஷத் அடுப்பு, புகைக்குழாய் வழியே புகையைக் கூரைக்கு வெளியே அனுப்புகிறது. குழாயில் கரி அடைந்தால் புகை திரும்பி அறைக்குள்ளேயே வரும் என்பதால் அவ்வப்போது தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். குழாயில்லாத அடுப்பானால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்து, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு அறையில் இருத்துவது குறைந்தபட்சக் காப்பு. சமைப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலை அடுப்புப் புகையின் மேல் போட்டுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.