இரண்டாம் நாயனம்

மயிலம் மலைக்கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு முருகன் புறப்படும்போது கூட்டம் சாமியைத்தான் பார்க்கும். நாயனக்காரரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. புதிதாக வாசிக்க வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அரங்கேற்றக் களம் கிடையாது. ஒரு சுரம் தவறினாலும் தவில் மூடிவிடும்.

நாகசுவரம் பயந்தவனைக் காட்டிக்கொடுக்கும் வாத்தியம். ஆச்சா மரத்தில் கடைந்த உடல், மேலே கெண்டை, அதில் செருகிய சீவாளி, கீழே அகன்ற அணசு. விரல் வைக்க ஏழு துளைகள். கிளாரினெட்டுக்கு இருப்பதுபோல் சாவிகள் இல்லை. விரலைப் பாதி விலக்கியும், உதட்டை இறுக்கித் தளர்த்தியும், மூச்சின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும்தான் கமகம் பிறக்கிறது. மனம் நடுங்கினால் மூச்சு தளரும், உடனே சுரமும் இறங்கும். வாய் வறண்டாலும் சிக்கல்தான், ஏனென்றால் நாணலில் செய்த சீவாளி ஈரமாக இருந்தால்தான் பேசும். வாத்தியத்தில் கயிறு கட்டி மாற்றுச் சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பது அழகுக்காக இல்லை.

இன்று பெரும்பாலோர் வாசிப்பது பாரி நாயனம். பழைய திமிரியைவிட நீளம், சுருதியும் தாழ்வு. கும்பகோணம் பக்கத்து நரசிங்கன்பேட்டையில் செய்யும் நாகசுவரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

முன்பெல்லாம் கற்க வந்தவன் கையில் முதலில் சுருதிக்கான ஒத்து நாயனத்தைத்தான் கொடுப்பார்கள். மணிக்கணக்கில் ஒரே சுரத்தை மூச்சு அறாமல் ஊதவேண்டும். பக்கத்தில் ஆசான் ராகத்தை எப்படி எடுக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று காது தானாகப் பழகிவிடும். அந்த வேலையைச் சுருதிப்பெட்டி பிடுங்கிக்கொண்டது எனக்கு நஷ்டமாகவே படுகிறது. விழுப்புரம் அரசு இசைப்பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் வரிசைகளும் கீர்த்தனைகளும் கிடைக்கும். நடந்துகொண்டே வாசிக்கும் திராணி வீதியில்தான் வரும்.

என்ன வாசிப்பது என்ற குழப்பமும் வீதியில் குறைவு. புறப்பாட்டுக்கு மல்லாரி, பெரும்பாலும் கம்பீரநாட்டை, சாகித்யம் இல்லை, சொற்கட்டு மட்டும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் தளிகைக்கும் தனித்தனி மல்லாரிகள் உண்டு. விடியலுக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. வேளையும் இடமும் ராகத்தைச் சொல்லிவிடும்; ஒவ்வொரு திருவிழாவிலும் கையிருப்பு கொஞ்சம் கூடும். முதல் நாயனம் வாசிக்கும் பெரியவர் எடுத்ததை ஒட்டிப் பின்னால் வாசிப்பதே இரண்டாம் நாயனத்தின் வேலை. ஏதோ ஒரு தெருமுனையில் அவர் நாயனத்தை உதட்டிலிருந்து எடுத்து, கண்ணால் ஒரு சாடை காட்டுவார். அங்கிருந்து ராகம் பிள்ளையின் பொறுப்பு.

கல்யாண வீடு வேறு விதமான பரீட்சை. ஆலாபனை எந்த இடத்தில் இருந்தாலும், ஐயர் விரலை ஆட்டினால் அந்த நொடியே கெட்டிமேளத்துக்குத் தாவவேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் சினிமாப் பாட்டும் கேட்பார்கள். 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்காகச் சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததை இன்னும் விட்டபாடில்லை. கேட்டால் முகம் சுளிக்காமல் வாசிக்கலாம், அதுவும் கையிருப்புதானே.