பனைமரத்தின் இரண்டு வீடுகள்

செஞ்சி வட்டாரத்தில் இருக்கும் பனமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குன்றின் மேலுள்ள பார்வதி ஓவியத்தைத் தேடித்தான் போகிறார்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் எழுப்பிய கோயில் அது. ஓவியத்தைப் பார்த்த கையோடு சுவாமியின் பெயரையும் கொஞ்சம் கவனிக்கலாம்: தாளகிரீசுவரர். வடமொழியில் தாலம் என்றால் பனை, கிரி என்றால் மலை. ஊரார் வாயில் பனமலை, அர்ச்சனையில் தாளகிரி. ஒரே குன்றுக்குப் புழக்கத்துக்கு ஒரு பெயர், சபைக்கு ஒரு பெயர்.

ஆங்கிலம் தன் சொற்களஞ்சியம் முழுவதையுமே இப்படித்தான் கட்டி வைத்திருக்கிறது. கண்ணுக்கு 'ஐ' என்ற சொந்தச் சொல் இருக்கிறது. ஆனால் கண் மருத்துவம் என்று வந்துவிட்டால் கிரேக்கத்துக்கு ஓடிப்போய் 'ஆஃப்தால்மாலஜி' என்கிறது. பல் 'டூத்', பல் மருத்துவரோ லத்தீன் வழியாக வந்த 'டென்டிஸ்ட்'. நிலா 'மூன்', நிலா சம்பந்தப்பட்டது 'லூனார்'. வீட்டில் பேசும் சொல் ஜெர்மானியக் குடும்பத்தது. ஏட்டில் எழுதும் சொல் கிரேக்கமோ லத்தீனோ.

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 597இல் ரோமிலிருந்து வந்த பாதிரிமார்கள் திருச்சபையோடு லத்தீனையும் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். 1066இல் நார்மண்டியின் வில்லியம் நாட்டைப் பிடித்தபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. பிரெஞ்சு, லத்தீன் பெற்ற பிள்ளை. ராஜாவுக்குரியது என்பதற்கு ஆங்கிலத்தில் 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என்று மூன்று சொற்கள் கிடப்பது அதனால்தான்: முதலாவது சொந்தம், அடுத்தது பிரெஞ்சு வழி, மூன்றாவது லத்தீனிலிருந்து நேராக எடுத்தது. அந்த லத்தீன் 'ரெக்ஸ்' நமது ராஜசிம்மனின் பெயரில் உள்ள 'ராஜ'வுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்பது இன்னொரு கதை.

அறிவியலுக்குத் தனி வழக்கம். நியூட்டன் 1687இல் 'பிரின்சிபியா'வை லத்தீனில் எழுதினார். 1704இல் 'ஆப்டிக்ஸ்' நூலை ஆங்கிலத்தில் எழுதினார். மொழி மாறியது, கலைச்சொற்கள் மாறவில்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் பழைய கிரேக்க, லத்தீன் வேர்களைப் பொறுக்கி எடுத்து ஒட்டிப் பெயர் வைத்தார்கள். யாருக்கும் தாய்மொழியாக இல்லாத மொழியில் ஒரு வசதி இருக்கிறது. அதில் ஆக்கிய சொல்லுக்கு அன்றாடப் பேச்சின் கறை ஒட்டாது. எல்லா நாட்டாருக்கும் அது சம அளவில் அந்நியம்.

பனையையே எடுத்துக்கொள்வோம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் 'போராசஸ் ஃபிளபெல்லிஃபெர்'. முதல் பாதி, பேரீச்சையின் பிஞ்சுக் குலையைக் குறித்த கிரேக்கச் சொல். அடுத்த பாதி லத்தீன். 'ஃபிளபெல்லம்' என்றால் விசிறி, 'ஃபெர்' என்றால் தாங்குவது. விசிறி தாங்கி! ஓலையைப் பார்த்தவர் வேறு எப்படிப் பெயர் வைப்பார்? இந்த 'ஃபெர்' எங்கெல்லாம் போய் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கூம்பு தாங்கும் மரம் 'கானிஃபர்'. போர்வெல் போடுகிறவர்கள் தேடும் நிலத்தடி நீர்த்தாங்கி 'அக்விஃபர்'. ஒளி தாங்கி 'லூசிஃபர்'. ஒரு இடத்திலிருந்து மறு இடத்துக்குத் தாங்கிச் செல்வது 'டிரான்ஸ்ஃபர்'. அரசு ஊழியர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பனையில் இன்னும் சுவையான சொல் ஒன்று உண்டு. ஆண் பனை வேறு, பெண் பனை வேறு. அலகுப் பனை, பருவப் பனை என்று பனையேறிகள் சொல்வார்கள். பதநீர் இரண்டிலும் இறக்கலாம். நுங்கு பெண் பனையில் மட்டும்தான். இப்படி ஆண் ஒரு மரத்திலும் பெண் ஒரு மரத்திலுமாக இருப்பதைத் தாவரவியல் 'டயீஷியஸ்' என்கிறது. 'டை' இரண்டு, 'ஓய்கோஸ்' கிரேக்கத்தில் வீடு. கணவனும் மனைவியும் தனித்தனி வீட்டில் குடியிருக்கும் குடும்பம் என்று லின்னேயஸ் கற்பனை செய்திருக்கிறார். தென்னையில் இரண்டு பூவும் ஒரே பாளையில். ஆகவே அது ஒரு வீட்டுக்காரர், 'மொனீஷியஸ்'. அதே 'ஓய்கோஸ்'தான் 'எகானமி'யிலும் ஒளிந்திருக்கிறது: வீட்டு நிர்வாகம். 1866இல் ஹெக்கல் என்ற ஜெர்மானியர் உயிர்களும் அவற்றின் சூழலும் பற்றிய படிப்புக்குப் பெயர் தேடியபோது, அதே வீட்டை எடுத்து 'எகாலஜி' ஆக்கினார். பனையும் பட்ஜெட்டும் சுற்றுச்சூழலும் ஒரே வாசற்படியில் வந்து நிற்கின்றன.

வேர் தெரிந்தால் சொல் தெரியும் என்று மாணவர்களுக்குச் சொல்வார்கள். முக்கால்வாசி உண்மை. மிச்சம் காலில் குத்தும். 'பெடல்' என்பதில் உள்ள 'பெட்' லத்தீன் பாதம். 'பீடியாட்ரிக்ஸ்' என்பதில் இருப்பது கிரேக்கக் குழந்தை. இரண்டுக்கும் உறவே இல்லை. 'ஹெலிகாப்டர்' என்பதை 'ஹெலி', 'காப்டர்' என்று பிரிக்கிறோம். உண்மையில் அது 'ஹெலிகோ', 'ப்டெர்': சுருள் சிறகு. தவறாக வெட்டிய துண்டுதான் இன்று 'ஹெலிபேட்' ஆகி இறங்குதளமாகியிருக்கிறது. இன்னும் மோசம், பெயர் வைத்தவரே தவறியிருக்கலாம். வேதியியலாளர் லவாய்சியே 'ஆக்சிஜன்' என்று வைத்ததன் பொருள் அமிலம் பிறப்பிப்பது. எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று பிறகு தெரிந்தது. பெயரை யாரும் மாற்றவில்லை.

தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்களும் இதே பட்டறையில்தான் வேலை செய்தார்கள். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'டெலி' என்ற கிரேக்க வேருக்குத் 'தொலை' கிடைத்ததும் தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி என்று வரிசையாக வந்துவிட்டன. 'ஃபோட்டோசிந்தசிஸ்' ஒளிச்சேர்க்கை ஆயிற்று. இதில் நம் பிள்ளைகளுக்கு லாபம் என்றே நினைக்கிறேன். ஒளியும் சேர்க்கையும் அவர்களுக்குத் தெரிந்த சொற்கள்; லண்டனில் படிக்கும் பிள்ளைக்கு 'ஃபோட்டோ' என்றால் கேமராதான் ஞாபகம் வரும்.

கடைசியாக, லத்தீன் வேடம் போட்டதெல்லாம் லத்தீன் இல்லை. பனையின் குடும்பப் பெயர் 'அரிகேசியே'. வால் லத்தீன், தலையிலிருக்கும் 'அரிகா', மலையாள 'அடக்க'விலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுபோனது. நம் அடைக்காய், அதாவது பாக்கு. வேம்பின் 'அசாடிராக்டா' பாரசீகம். புளிக்கு வைத்த 'டாமரிண்டஸ் இண்டிகா' இன்னும் தமாஷ். 'தமர் ஹிந்தி' அரபியில் இந்தியப் பேரீச்சை. பின்னால் இன்னொரு முறை 'இந்தியாவின்'. ஆங்கிலத்தில் கள்ளுக்குச் சொல்லும் 'டாடி' தாலத்திலிருந்து இந்தி வழியாகப் போனது. ஆக, பனமலை சுவாமியின் பெயரில் பாதி லண்டன் மதுக்கடைக்கும் போயிருக்கிறது.

புதிய தாவரம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் வர்ணனையை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்ற விதி 2011 முடியும் வரை இருந்தது. இப்போது ஆங்கிலத்திலும் எழுதலாம். பெயருக்கு மட்டும் விலக்கு கிடையாது. எந்த மொழிச் சொல்லானாலும் பதிவேட்டில் ஏறியதும் அது லத்தீனாகவே கருதப்படும்.