வைக்கோற்போரில் குட்டி போட்ட பூனை: விரட்டாமல் காப்பது எப்படி?

விருத்தாசலம், கம்மாபுரம் சுற்று வட்டாரத்தில் தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து களத்து மேட்டில் வைக்கோற்போர் எழும்பிவிடும். அதைத் தொடர்ந்து நிலக்கடலைக் காய்களும் மூட்டையாகி வீட்டுக்கு வந்து சேரும். போரில் ஒட்டிய மணிகளையும் வீட்டிலுள்ள விதைக் கடலையையும் நாடி எலிகள் வரும். எலிகளை நாடிப் பூனை வரும். யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பூனை சினையாக இருந்தால், காற்றும் மழையும் படாத போரின் பொந்திலேயே குட்டி போட்டுவிடும்.

இதைக் கண்டதும் சிலர் குட்டிகளைச் சாக்கில் போட்டு ஏரிக்கரையிலோ சந்தை மேட்டிலோ விட்டுவிடுகிறார்கள். கண் திறக்காத குட்டி தாயின் சூடும் பாலும் இல்லாமல் ஓரிரு நாளுக்கு மேல் பிழைக்காது. தாய்ப் பூனை சில நாள் கத்தித் திரிந்துவிட்டு, மீண்டும் சினையாகி, அதே போருக்கோ பக்கத்து வீட்டுப் போருக்கோ வரும். விரட்டியதால் பூனைத் தொல்லை தீர்வதில்லை. எலித் தொல்லையும் குறைவதில்லை. ஏறத்தாழ 8 வாரம் பொறுத்து, அதன் பிறகு தாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் இரண்டுக்கும் வழி பிறக்கும். செலவு அதிகமில்லை, கவனம்தான் தேவை.

பூனையால் எலி ஒழியுமா?

பூனை இருந்தால் எலி மருந்தே வேண்டாம் என்று எண்ணுவதும் தவறு, பூனையால் ஒரு பயனும் இல்லை என்பதும் தவறு. இங்கிலாந்தில் பண்ணை வீடுகளில் பூனைகளைக் கொண்டு எலிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி ஆக்ஸ்போர்டு விஞ்ஞானி சார்லஸ் எல்ட்டன் ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். எலிகள் ஏற்கெனவே பெருகிவிட்ட பண்ணையைப் பூனைகளால் சுத்தம் செய்ய முடியவில்லை. வேறு முறைகளால் எலிகளை ஒழித்த பிறகு, மறுபடியும் எலிகள் குடியேறாமல் பூனைகள் காவல் காத்தன. தினமும் பால் வைத்ததால் அவை அந்தப் பண்ணையை விட்டுப் போகாமல் தங்கின.

நமக்கும் இது பொருந்தும். சுண்டெலியையும் இளம் எலிகளையும் பூனை எளிதில் பிடிக்கும். வளர்ந்த பெருச்சாளியோடு மோதப் பெரும்பாலும் துணியாது. நெல் வயலில் வரப்புக்குள் வளை தோண்டும் எலியும் அதன் கைக்கு எட்டாது. வயலில் வரப்பைச் சிறிதாக அமைத்தல், தஞ்சாவூர்க் கிட்டி வைத்தல், ஆந்தை அமரக் குச்சி நடுதல் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். வீடு, தொழுவம், போர், கடலை மூட்டை ஆகிய இடங்களில்தான் பூனையின் காவல் பலன் தரும். எலி குறைந்தால் அதைத் தேடி வரும் பாம்பும் குறையும்.

குட்டிகளைக் கண்டவுடன்

முதல் வேலை, கையை எடுத்துக்கொண்டு விலகுவதுதான். பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள். ஓர் ஈற்றில் பொதுவாக 3 முதல் 5 குட்டிகள் இருக்கும். 7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரம் தத்தி நடக்கும். நான்காம் வாரம் மென்மையான உணவை நக்கத் தொடங்கும். 7, 8 வாரங்களில் பால் மறக்கும். தாய் உயிருள்ள சுண்டெலியைக் கொண்டுவந்து முன்னே விட்டு வேட்டை பழக்குவதும் இந்தக் கடைசி வாரங்களில்தான். அதற்கு முன்பே பிரித்த குட்டி, சரியாக எலி பிடிக்கப் பழகுவது கடினம்.

குட்டிகள் தனியாகக் கிடப்பதாலேயே தாய் கைவிட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. இரை தேடிச் சென்ற தாய் திரும்பச் சில மணி நேரம் ஆகலாம். மனிதர் அருகில் நின்றால் வந்த தாயும் தயங்கி ஒதுங்கும். எனவே தொலைவில் நின்று கவனியுங்கள். குட்டிகள் சூடாக, வயிறு நிறைந்து, ஒன்றின் மேல் ஒன்று அமைதியாகத் தூங்கினால் தாய் வந்து போகிறது என்று பொருள். வயிறு ஒட்டி, உடல் சில்லிட்டு, ஓயாமல் கத்தினால் மட்டும் நாம் தலையிட வேண்டும்.

'குட்டி போட்ட பூனை போல' என்று நம் முன்னோர் சொன்னது அனுபவத்தால்தான். ஆள் நடமாட்டமோ நாயோ குறுக்கிட்டால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாறும். நாம் எட்டி எட்டிப் பார்த்தால், பாதுகாப்பான போரை விட்டுப் பாழுங்கிணற்றடிக்கும் போய்விடும். குழந்தைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள். கடுவன் பூனைகள் சிறு குட்டிகளைக் கொல்வதுண்டு. அவற்றையும் நாய்களையும் அண்டவிடாமல், பொந்தின் வாயில் தாய் மட்டும் நுழையும் அளவுக்கு முள் படலையோ கற்களையோ வைக்கலாம்.

மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது மறுபக்கத்திலிருந்து பிடுங்குங்கள். இப்போது இயந்திரத்தில் கட்டிய வைக்கோல் கட்டுகளை லாரியில் ஏற்றி விற்பது பெருகிவிட்டது. ஏற்றும் முன் அடுக்கின் இடுக்குகளைப் பார்த்துவிட்டால், குட்டிகள் வெளியூர் போவதையும் நசுங்குவதையும் தவிர்க்கலாம்.

இடம் மாற்றியே தீர வேண்டுமானால்

போரை விற்றாகிவிட்டது, அல்லது மழைநீர் புகுந்துவிட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும். ஓர் அட்டைப் பெட்டியிலோ, வாய் அகன்ற பழைய பானையைச் சாய்த்து வைத்தோ, அடியில் வைக்கோலும் பழைய துணியும் பரப்புங்கள். பழைய இடத்திற்குச் சில அடி தூரத்தில், நிழலில், தாயின் கண்ணில் படும்படி குட்டிகள் அனைத்தையும் ஒன்றாக வைத்துவிட்டு விலகுங்கள். தாய் தானே ஏற்றுக்கொள்ளும், அல்லது தான் விரும்பும் இடத்திற்குக் கொண்டு செல்லும். தூரமான இடமானால் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே கொண்டுபோய், அமைதியான அறையில் சில நாள் அடைத்து வைக்க வேண்டும். குட்டிகளை மட்டும் மாற்றினால் தாய் வராது. தாயை மட்டும் விரட்டினால் குட்டிகள் இறக்கும்.

பாலூட்டும் பூனைக்குத் தீனி

தீனி போட்டால் பூனை எலி பிடிக்காது என்பது பலரின் எண்ணம். பசி வேறு, வேட்டைக் குணம் வேறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பட்டினி கிடக்கும் தாய்க்கோ பால் வற்றும், குட்டிகள் மெலியும்.

பாலூட்டும் பூனைக்குச் சாதாரண நாளைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் தீனி தேவைப்படும். வெறும் பால் சோறும் தயிர் சோறும் போதா. டாரின் என்ற சத்து இறைச்சி, மீன் போன்றவற்றிலிருந்துதான் பூனைக்குக் கிடைக்கிறது. அது நெடுநாள் குறைந்தால் பார்வை கெடும், இதயமும் பலவீனமாகும். மீன் தலை, குடல் இவற்றை உப்பில்லாமல் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைப்பது மலிவான வழி. அவித்த முட்டையும் நல்லது. வேகவைத்த கோழி எலும்பு தொண்டையில் குத்தும், போடாதீர்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். விருத்தாசலம் பீங்கான் கிண்ணத்தில் விளிம்பு உடைந்து ஒதுக்கியது வீட்டில் இருந்தால் அதுவே போதும்; கழுவுவதும் எளிது.

எலி மருந்தே பெரிய ஆபத்து

நம் ஊர்ப் பூனைகளுக்கு எலி மருந்து ஒரு முக்கியமான எமன். துத்தநாக பாஸ்பைடை 1 பங்குக்கு 49 பங்கு இரை சேர்த்து வைப்பது வழக்கம். இரையாகப் பொரியோ அரிசியோ சேர்க்கலாம். கருவாட்டைச் சேர்த்தால் எலிக்கு முன் பூனை தின்னும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. புரோமாடியலோன் கலந்த கட்டி உடனே கொல்லாது. அதைத் தின்ற எலி சில நாள் தள்ளாடித் திரியும். அப்படிப்பட்ட எலிகளைத் தொடர்ந்து தின்னும் பூனைக்கும் உள்ளே இரத்தம் கசியும். பூனை சோர்ந்து, ஈறு வெளுத்துக் காணப்பட்டால் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். இந்த மருந்துக்கு மட்டும் வைட்டமின் கே-1 முறிவாகப் பயன்படும்.

எனவே குட்டிகள் உள்ள 8 வாரமும் வீட்டைச் சுற்றி மருந்து வைக்காமல் கிட்டியும் கூண்டுப் பொறியும் பயன்படுத்துங்கள். கடலை மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் கட்டைகளின் மேல் அடுக்குங்கள். வயலில் மருந்து வைத்தே ஆக வேண்டுமானால் வளைக்குள் ஆழமாக வைத்து வாயை மண்ணால் மூடுங்கள். காலையில் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

தொழுவத்தில் தெளிக்கும் பினாயிலும், மாட்டு உண்ணிக்குப் பயன்படும் பெர்மெத்ரின் வகை மருந்துகளும் பூனைக்கு நஞ்சு. மாட்டுக்கு வாங்கியதை மிச்சம் பிடித்துப் பூனையின் உண்ணிக்குத் தடவக் கூடாது. காய்ச்சலுக்கு நாம் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனையைக் கொல்லும்.

ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு

பூனையால் வரும் தீமையையும் மறைக்கக் கூடாது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி சில பூனைகளின், முக்கியமாக இளம் பூனைகளின் மலத்தில் வெளியேறும். அந்த மலம் கலந்த தீவனத்தைத் தின்னும் சினை ஆடுகளுக்குக் கருச்சிதைவு ஏற்படலாம். ஆகவே பூனை படுத்த பகுதியின் அழுக்கு வைக்கோலை ஆடு, மாட்டுக்குப் போடாமல் எருக்குழியில் சேருங்கள். போருக்குத் தள்ளி ஒரு மூலையில் மணல் கொட்டிவைத்தால் பூனை அங்கேயே கழிக்கும். கர்ப்பிணிப் பெண்கள் அந்த மணலை அள்ளக் கூடாது.

பூனை கடித்தாலும் கீறினாலும் வெறிநோய் வரக்கூடும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிவிட்டுச் சும்மா இருப்பது உயிருக்கே ஆபத்து.

தாய் வராவிட்டால்

தாய் இறந்துவிட்டது உறுதியானால் முதலில் சூடு, பிறகு பால். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் குட்டிகளின் பக்கத்தில் வையுங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது. பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சல் உண்டாக்கும். பூனைக் குட்டிக்கான பால் பொடி நகரக் கடைகளில் கிடைக்கிறது. முதல் வாரங்களில் 2, 3 மணிக்கு ஒரு முறை, குட்டியை மல்லாத்தாமல் குப்புற வைத்தே புகட்ட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் பின்புறம் துடைத்தால்தான் இளங்குட்டி சிறுநீர் கழிக்கும். தாய் நக்கிச் செய்யும் வேலை இது. பக்கத்து வீட்டில் பாலூட்டும் பூனை இருந்தால் அதனோடு சேர்த்துப் பாருங்கள். பல தாய்கள் ஏற்றுக்கொள்ளும்.

கரும்பில் கண்ட குட்டி

கரும்பு வெட்டும்போதோ முந்திரித் தோப்பிலோ காணும் குட்டிகள் காட்டுப் பூனையாக இருக்கலாம். தாய்க்குக் கால் நீளமாகவும், வால் குட்டையாக நுனியில் கறுப்பு வளையங்களோடும் இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. அந்தப் பகுதியை மட்டும் விட்டு வெட்டி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். மராட்டிய மாநிலம் ஜுன்னர் பகுதியில் கரும்புக் காடுகளில் அகப்படும் சிறுத்தைக் குட்டிகளையே, கண்ட இடத்தில் வைத்து இரவில் தாயோடு சேர்த்துவிடுகிறார்கள். அங்கும் தாய் மனிதர் விலகிய பிறகுதான் வருகிறது.

8 வாரத்திற்குப் பிறகு

இதுதான் பலர் விட்டுவிடும் கட்டம். பூனை ஆண்டுக்கு 2, 3 முறை ஈனக்கூடியது. பாலூட்டும்போதே மறுபடி சினையாகலாம். பெண் குட்டியும் 4 முதல் 6 மாதத்தில் பருவமடையும். எனவே குட்டிகள் பால் மறந்ததும் தாயைக் கூண்டிலோ வாய் கட்டிய கூடையிலோ கொண்டுபோய்க் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எங்கே செய்கிறார்கள் என்று சொல்வார்கள். குட்டிகளுக்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், 5 மாத அளவில் கருத்தடையும் செய்யலாம். கருத்தடை செய்த பூனை எலி பிடிப்பதை விடாது. ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையும்.

மிகுதிக் குட்டிகளைப் பட்டறை, கடை, தோப்பு வீடு என எலித் தொல்லை உள்ளவர்களுக்குக் கேட்டுக் கொடுங்கள். இரண்டு இரண்டாகக் கொடுத்தால் எளிதில் தங்கும். புது இடத்தில் 2, 3 வாரம் அடைத்து வைத்துத் தீனி போட்டபின் வெளியே விடச் சொல்லுங்கள். பட்டினியில் சாகும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஆக, போரில் குட்டிகளைக் கண்டால் தொடாதீர்கள். மறுபக்கத்தில் வைக்கோல் பிடுங்குங்கள். வீட்டருகே எலி மருந்தை நிறுத்துங்கள். தாய்க்கு மீன் சோறும் தண்ணீரும் வையுங்கள். அழுக்கு வைக்கோலை எருக்குழியில் தள்ளுங்கள். பால் மறந்ததும் கருத்தடை செய்யுங்கள். அடுத்த பட்டத்திற்கு எடுத்து வைத்த விதைக் கடலைக்கு அந்தப் பூனையே காவலாக இருக்கும்.