இருமுனைக் கோளாறு உடையோரின் உணவு நேர ஒழுங்கும் வளர்சிதைமாற்ற நலமும்

ஆய்வுச்சுருக்கம்

இருமுனைக் கோளாறு உடையோரிடம் உடற்பருமன், நீரிழிவு, இதயநோய் ஆகியன மிகுதியாகக் காணப்படுகின்றன. உண்ணும் நேரம் இந்நோய்களோடும், மனநிலை ஏற்றத்தாழ்வோடும், மருந்தின் செயல்பாட்டோடும் கொண்டுள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. இவர்களுக்கு உண்ணாதிருக்கும் கால நீட்சியைவிட உண்ணும் நேரத்தின் ஒழுங்கே முதன்மையானது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: இருமுனைக் கோளாறு, உடற்கடிகாரம், உணவு நேரம், வளர்சிதைமாற்றம், லித்தியம்.

முன்னுரை

மிகையெழுச்சியும் மனச்சோர்வும் விட்டுவிட்டு வரும் மனநோய் இருமுனைக் கோளாறு எனப்படும். இந்நோயாளரின் வாழ்நாளைக் குறைப்பது தற்கொலை மட்டுமன்று. இதயக் குருதிக்குழாய் நோய்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. மிகுந்த இடுப்புச் சுற்றளவு, உயர் குருதியழுத்தம், உயர் குருதிச் சர்க்கரை, உயர் ட்ரைகிளிசரைடு, குறைந்த நற்கொழுப்பு ஆகிய ஐந்தனுள் மூன்றேனும் ஒருவரிடம் அமைவதை வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி என்பர். 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, இருமுனைக் கோளாறு உடையோருள் 37.3 விழுக்காட்டினரிடம் இதனைக் கண்டது. ஓலன்சபின், குவெட்டியாபின், வால்ப்ரோயேட் முதலிய மருந்துகள் எடையைக் கூட்டுவது இதற்கொரு காரணம். உறக்கமும் உணவும் ஒழுங்கு குலைவது மற்றொன்று.

உடற்கடிகாரமும் உணவும்

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள மையக் கடிகாரம் ஒளியைக் கொண்டு நேரத்தை அறிகிறது. கல்லீரல் முதலிய உறுப்புகளின் கடிகாரங்களோ உணவு வரும் நேரத்தாலும் திருத்தம் பெறுகின்றன. நள்ளிரவில் உண்ணும்போது இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகின்றன. இரவில் சுரக்கும் மெலடோனின் இன்சுலின் சுரப்பைக் குறைப்பதும் சேர்ந்து, காலையில் உண்ணும் அதே உணவு இரவில் குருதிச் சர்க்கரையைக் கூடுதலாக உயர்த்துகிறது.

உணவு நேரம் மனநிலையோடும் பிணைந்தது. அன்றாடச் சமூக ஒழுங்குகள் குலைவது நோய் மீள வழிவகுக்கும் என்னும் கருதுகோளை 1988இல் ஏலர்ஸ், ஃபிராங்க், குப்பர் ஆகியோர் முன்வைத்தனர். அதனடியாக, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபிராங்க் ஓர் உளமருத்துவ முறையை உருவாக்கினார். அதில் பயன்படும் சுருக்கப் பதிவேடு துயிலெழுதல், பிறரோடு முதற்றொடர்பு, பணி தொடங்கல், இரவுணவு, உறங்கச் செல்லல் என்னும் ஐந்து நேரங்களைக் குறிக்கிறது. நோய் முனைப்பாக இருந்தபோதே இம்மருத்துவம் பெற்றோர் புதிய நோய்நிகழ்வின்றி நெடுநாள் இருந்தனர் என 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

நேரவரையறை உணவுமுறை

நாளின் சில மணிநேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்ளும் முறை இன்று பரவலாகப் பேசப்படுகிறது. நீரிழிவின் முன்நிலையில் இருந்த ஆடவர் 6 மணிநேரத்துக்குள், பிற்பகல் 3 மணிக்கு முன்பே உணவை முடித்தபோது, எடை குறையாமலே இன்சுலின் உணர்திறன் மேம்பட்டதை 2018இல் ஓர் ஆய்வு கண்டது. ஆனால் கலோரிக் குறைப்போடு 8 மணிநேர வரையறையைச் சேர்ப்பது எடையிழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை என்பது 2022இல் சீனாவில் 139 பேரிடம் நிகழ்ந்த ஓராண்டு ஆய்வின் முடிவு. இவை இருமுனைக் கோளாறு உடையோரை முன்னிட்டு நிகழ்ந்தவை அல்ல என்பது கருதத்தக்கது.

மருந்தும் உணவும்

லித்தியத்தைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. உடலில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் மீள ஈர்த்துக்கொள்வதால் குருதியில் அதன் அளவு உயர்கிறது. பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே நீரும் அருந்தாத நோன்பு மருத்துவக் கண்காணிப்பின்றி மேற்கொள்ளத்தக்கதன்று.

லுராசிடோன் மருந்தைக் குறைந்தது 350 கலோரி உணவோடு உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் அது உடலில் சேரும் அளவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். பிற்பகல் 4 மணிக்கே உணவை நிறுத்திவிட்டு இரவில் இம்மருந்தை உட்கொள்பவர், மருந்தைத் தவறாது உண்டும் அதன் பயனை இழக்கிறார். நலம் நாடி மேற்கொண்ட உணவுமுறையே நோய் மீள்வதற்கு இடந்தரக்கூடும்.

முடிவுரை

இருமுனைக் கோளாறு உடையோர்க்கு உணவு நேரம் எடை சார்ந்த செய்தி மட்டுமன்று. உறக்கம், மனநிலை, மருந்து ஆகிய மூன்றும் அதில் சந்திக்கின்றன. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உண்ணல், இரவுணவை உறங்குவதற்குச் சில மணிநேரம் முன்னரே முடித்தல், நீரும் உப்பும் திடீரெனக் குறையாமல் காத்தல் ஆகியன பெரும்பாலோர்க்கு ஏற்ற தொடக்கமாகும். உணவு வேளையை மாற்றுமுன் மருந்து வேளையையும் மருத்துவரோடு கலந்து முடிவுசெய்தல் இன்றியமையாதது.