பணி ஓய்வுப் பரிசுக்கு நன்றிக் கடிதம் எழுதுதல்



விண்ணப்பக் கடிதத்தையும் முறைப்பாட்டுக் கடிதத்தையும் நன்றாக எழுதும் மாணவர் பலர் நன்றிக் கடிதத்தில் இடறுவதுண்டு. நன்றி கூறுவது இலகுவானது என்று எண்ணி, எல்லோரும் எழுதும் வசனங்களையே தாமும் எழுதிவிடுவது இதற்குக் காரணமாகும். ஓய்வுபெறும் ஒருவர் தமக்குக் கிடைத்த பரிசுக்கு எழுதும் நன்றிக் கடிதத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வகைக் கடிதத்தை எவ்வாறு எழுதுவது என்பதை இங்கு நோக்குவோம்.

1. எதற்கு நன்றி கூறுகிறோம்?

ஓய்வுபெறுபவருக்குக் கிடைப்பவை இரு வகைப்படும். ஒன்று உரிமை. ஊழியர் சேமலாப நிதி இதற்கு உதாரணமாகும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்படுத்தப்பட்ட இந்நிதிக்கு, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் தருநரிடமிருந்து 12 சதவீதமும் சேர்க்கப்படுகின்றன. இது அவர் உழைத்துச் சேர்த்த பணம். இதற்காக எவருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

மற்றையது அன்பளிப்பு. உடன் வேலை செய்தவர்கள் தமது சம்பளத்தில் சிறு தொகை போட்டு வாங்கித் தரும் பரிசு இவ்வகையைச் சார்ந்தது. தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாதிருந்தும் தந்தார்களே என்பதுதான் நன்றிக்குக் காரணம். திருக்குறளின் 11ஆம் அதிகாரமாகிய 'செய்ந்நன்றி அறிதல்' உதவியை அதன் அளவு கொண்டு மதிப்பிடலாகாது என்று உணர்த்துகிறது. எனவே கடிதத்தில் பரிசின் விலையைப் பற்றி எழுதாதீர்கள். ஒருவர் தந்ததை இன்னொருவர் தந்ததோடு ஒப்பிடவும் வேண்டாம்.

2. கடிதத்தின் உடல்

முகவரி, திகதி, விளி, முடிப்பு ஆகியன நீங்கள் அறிந்தவையே. உடற்பகுதியில் பின்வரும் நான்கும் அமைதல் வேண்டும்.

அ) பரிசைப் பெயர் சொல்லிக் குறிப்பிடல்
ஆ) அப்பரிசு தமக்கு எவ்வாறு பயன்படுகிறது எனக் கூறல்
இ) கொடுத்தவர்களோடு கழித்த காலத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரல்
ஈ) அவர்களை வாழ்த்தி, தொடர்பு நீடிக்க விரும்புவதைத் தெரிவித்தல்

3. குறைபாடு எங்கே?

ஒரு மாணவர் இவ்வாறு எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம்:

"தாங்கள் அனைவரும் மனமுவந்து வழங்கிய பெறுமதிமிக்க பரிசுக்கு எனது இதயபூர்வமான நன்றிகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் அனைவருக்கும் இறைவன் நல்லருள் புரிவானாக."

இதில் எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இல்லை. ஆயினும் என்ன பரிசு, யார் தந்தது, ஏன் தந்தார்கள் என்பன தெரியவில்லை. இதே கடிதத்தைத் திருமண வீட்டுக்கும் அனுப்பலாம், புதுமனை புகுவிழாவுக்கும் அனுப்பலாம். யாருக்கும் பொருந்தும் கடிதம் ஒருவருடைய மனத்தையும் தொடாது.

4. இன்னொருவருக்காக எழுதும்போது

உங்களில் சிலருக்கு இது பரீட்சை வினா மட்டுமன்று. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டியோ தாத்தாவோ, "எனக்கு ஒரு காகிதம் எழுதித் தா" என்று உங்களிடம் கேட்கக்கூடும். அப்போது உங்கள் மொழித்திறனைக் காட்ட முற்படாதீர்கள். கடிதம் அவருடையது; பேனா மட்டுமே உங்களுடையது. முதலில் அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். அவர் ஒருபோதும் சொல்லாத பெரிய சொற்களை அவர் வாயில் வைக்காதீர்கள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பின்னரே கையொப்பம் பெறுங்கள்.

தேயிலைத் தோட்டமொன்றில் 34 வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவருக்காகப் பேத்தி எழுதுவதாக அமைந்த மாதிரியைப் பாருங்கள்.

அன்புள்ள தங்கச்சிமாருக்கும் பிள்ளைகளுக்கும்,

நீங்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கித் தந்த சாய்வுக் கதிரை வாசலில் இருக்கிறது. காலையில் வெயில் வந்ததும் அதில்தான் உட்காருகிறேன். 34 வருடம் நின்றுகொண்டே கொழுந்து பறித்தவளுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதை நினைக்கும்போது கண் கலங்குகிறது.

மழையில் வழுக்கி என் கால் சுளுக்கிய அன்று, உங்கள் கூடையோடு என் கூடையையும் கொழுந்து மடுவம்வரை சுமந்து வந்தீர்கள். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. இப்போது பேத்தியிடம் சொல்லி எழுதுகிறேன். அந்த நாளுக்கும் சேர்த்து நன்றி.

காசு போட்டவர்கள் எல்லோருடைய பெயரும் எனக்குத் தெரியாது. ஆகவே இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். வேலை முடிந்து போகும்போது என் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள அக்கா

இக்கடிதத்தில் அலங்காரச் சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் மேலே கூறிய நான்கும் உள்ளன. பெயர் விடுபட்டு யாருடைய மனமும் நோகக்கூடாது என்பதற்காக, எல்லோருக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டிருப்பதையும் கவனியுங்கள். பலர் சேர்ந்து தந்த பரிசுக்கு இதுவே பொருத்தமான முறையாகும்.

5. நினைவிற் கொள்க

* பரிசு கிடைத்த சில நாட்களுக்குள் எழுதுக. பிந்திவிட்டால், நீண்ட சாக்குச் சொல்லாது ஒரு வசனத்தில் வருத்தம் தெரிவித்து விடயத்துக்கு வருக.
* பெரியோருக்கும் மேலதிகாரிக்கும் 'தாங்கள்' எனவும், நெருங்கியவர்களுக்கு 'நீங்கள்' எனவும் எழுதுக. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதிருக்க.
* 'நன்றி' என்ற சொல்லை ஓரிரு இடங்களில் மட்டும் பயன்படுத்துக.
* பரீட்சையில் உங்கள் உண்மைப் பெயரையோ பாடசாலையின் பெயரையோ எழுதாது, வினாவில் தரப்பட்ட பெயரையும் முகவரியையும் பயன்படுத்துக.

பயிற்சி

ஓய்வுபெற்ற தமிழ்ப்பாட ஆசிரியராக உம்மைக் கருதிக்கொண்டு, பிரியாவிடை நிகழ்வில் தரம் 11 மாணவர்கள் உமக்கு வழங்கிய அகராதிக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் ஒன்று எழுதுக.

எழுதத் தொடங்குமுன் ஒரு நிமிடம் சிந்தியுங்கள்: அந்த ஆசிரியர் அந்த வகுப்பில் எந்த நாளை மறக்கமாட்டார்? அதற்கு விடை கிடைத்ததும் பேனாவை எடுங்கள்.