3,000 வெள்ளி லென்ஸ்: வாங்குமுன் என்ன பார்ப்பது? வாங்கியபின் எப்படிக் காப்பது?

சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு. தலைக்குமேல் அலங்கார வளைவுகள், இரண்டு பக்கமும் கூட்டம். எல்லாம் ஒரே படத்தில் வரவேண்டும். பின்னால் நகரலாம் என்றால் பேருந்து வருகிறது! கைத்தொலைபேசியில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் கலங்கல்.

"ஒரு நல்ல 'வைட் ஆங்கிள்' லென்ஸ் இருந்தா..." என்ற ஆசை பலருக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஆசை சரி. விலை? முன்னணி நிறுவனங்களின் உயர்தர 'வைட் ஸூம்' லென்ஸ்கள் 3,000 வெள்ளியைத் தொடுகின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் ஊரில் லென்ஸ் கீழே விழுந்துதான் கெடவேண்டும் என்பதில்லை. அலமாரியில் சும்மா இருந்தாலே பூஞ்சை பிடித்துவிடும். அப்பாவின் பழைய கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் வெள்ளை இழைகள்.

எனவே வாங்குவது பாதி வேலை. பாதுகாப்பது மீதி வேலை.

'வைட்' என்றால் எவ்வளவு?

லென்ஸ்மீது எழுதியிருக்கும் மில்லிமீட்டர் எண் குறையக் குறைய, அதிக இடம் படத்துக்குள் வரும். 'ஃபுல் ஃபிரேம்' கேமராவில் மூலைக்கு மூலை அளந்தால்:

- 35 மி.மீ. - சுமார் 63 டிகிரி
- 24 மி.மீ. - சுமார் 84 டிகிரி
- 16 மி.மீ. - சுமார் 107 டிகிரி
- 14 மி.மீ. - சுமார் 114 டிகிரி

உங்கள் கேமராவின் உணர்கருவி சிறியதா? அப்படியானால் கணக்கு மாறும். சோனி, நிக்கான், ஃபூஜிஃபிலிம் ஆகியவற்றின் 'ஏபிஎஸ்-சி' கேமராக்களில் அந்த எண்ணை 1.5 ஆல் பெருக்கவேண்டும். கேனனில் 1.6. 16 மி.மீ. லென்ஸை அவற்றில் மாட்டினால் கிடைப்பது ஏறத்தாழ 24 மி.மீ. காட்சிதான். பெரிய விலை கொடுத்து வாங்கிவிட்டு, "என்ன, அவ்வளவு அகலமா இல்லையே" என்று ஏமாறுவது இதனால்தான்.

கைத்தொலைபேசியே போதாதா?

நியாயமான கேள்வி! பல கைத்தொலைபேசிகளின் '0.5x' கேமரா ஏறத்தாழ 13 மி.மீ. அகலத்தைக் காட்டுகிறது. அகலம் மட்டும்தான் வேண்டும் என்றால் உங்களிடம் ஏற்கெனவே அது இருக்கிறது.

கூடுதல் பணம் கொடுப்பது வேறு மூன்று விஷயங்களுக்கு: இருட்டில் தெளிவு, படத்தின் ஓரம்வரை கூர்மை, பெரிய அளவில் அச்சிடும் தரம். அந்த மூன்றும் தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மிக அகலமான லென்ஸ் எதுவாக இருந்தாலும் ஓரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கும் அத்தையின் முகம் அகலமாகிவிடும். படத்தைப் பார்த்தால் அவர் சும்மா விடமாட்டார்! ஆட்களை நடுப்பக்கம் நிறுத்துங்கள், அல்லது 24 மி.மீ. பக்கம் ஸூம் செய்யுங்கள்.

எஃப்/2.8 வேண்டுமா, எஃப்/4 போதுமா?

எஃப்/2.8, எஃப்/4ஐவிட இரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். திருமண மண்டபம், இரவு ஊர்வலம், நட்சத்திரங்கள் போன்றவற்றை எடுப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் மரினா பே காட்சியை முக்காலியில் கேமராவை வைத்து எடுப்பவருக்கு? அவர் எப்படியும் எஃப்/8 பக்கம்தான் வைப்பார். அவருக்கு எஃப்/4 லென்ஸ் போதும். எடையும் குறையும், விலையும் குறையும்.

முடிவுசெய்ய முடியவில்லையா? வார இறுதிக்கு லென்ஸை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். 3,000 வெள்ளித் தவற்றைவிட அது மலிவு.

'லோக்கல் செட்'டா, 'எக்ஸ்போர்ட் செட்'டா?

கடையில் கேட்கப்படும் முதல் கேள்வியே இதுதான். 'லோக்கல் செட்' என்றால் நிறுவனத்தின் உள்ளூர் முகவர் வழியாக வந்தது, உத்தரவாதம் அவரிடமே. 'எக்ஸ்போர்ட் செட்' வேறு வழியில் இறக்குமதி செய்யப்பட்டது. உத்தரவாதம் பெரும்பாலும் கடையுடையது மட்டுமே. கடை மூடிவிட்டால் உத்தரவாதமும் போச்சு.

விலை வித்தியாசம் சிறிதென்றால் 'லோக்கல் செட்' நிம்மதி. எதை வாங்கினாலும்:

- லென்ஸில் உள்ள வரிசை எண், பெட்டி, உத்தரவாத அட்டை மூன்றிலும் ஒன்றா என்று பாருங்கள்.
- சொன்ன விலையில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி அடங்குமா என்று கேளுங்கள்.
- ரசீதில் லென்ஸின் முழுப் பெயரும் வரிசை எண்ணும் இருக்கவேண்டும். ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய லென்ஸில் குறையா? சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன்' சட்டம் நடப்பில் உள்ளது. 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது வாங்கும்போதே இருந்தது எனக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. பழுதுபார்த்தல் அல்லது மாற்றுப்பொருள் கேட்கலாம். அது முடியாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். "மனசு மாறிடுச்சு" என்பதற்கு இந்தச் சட்டம் உதவாது.

பேச்சில் தீரவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கிறது.

தோக்கியோவில் மலிவாமே?

இருக்கலாம். ஆனால் சாங்கியில் இறங்கும்போது கணக்கு முடியவில்லை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பயணிக்கு 500 வெள்ளி வரை வரிவிலக்கு. அதற்குக் குறைவான நேரமென்றால் 100 வெள்ளிதான். சிங்கப்பூரின் வேலை அனுமதி, மாணவர் அனுமதி வைத்திருப்போருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு: நான்கு நாள் பயணத்தில் 2,500 வெள்ளிக்கு லென்ஸ் வாங்கினீர்கள். 500 போக மீதி 2,000 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 180 வெள்ளி வரி. அதை நீங்களாகவே சுங்கத்துறையிடம் தெரிவிக்கவேண்டும்.

இங்கே வாங்கிய லென்ஸை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா? ரசீதின் படம் கைத்தொலைபேசியில் இருக்கட்டும். திரும்பும்போது கேள்வி வந்தால் காட்டலாம்.

பழைய லென்ஸ் வாங்கினால்...

கடை விற்கும் பழைய பொருளுக்கும் 'லெமன்' சட்டம் பொருந்தும். இணையத்தில் தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்பதற்குப் பொருந்தாது. எனவே எம்ஆர்டி நிலையத்தில் அவசரமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள்:

- கைத்தொலைபேசி விளக்கை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். இழை, புகைமூட்டம் தெரிந்தால் வேண்டாம். கொஞ்சம் தூசு இருப்பது இயல்பு, படத்தில் தெரியாது.
- ஸூம் வளையத்தைச் சுற்றுங்கள். எங்கும் சிக்கக்கூடாது, கரகரக்கக்கூடாது.
- பின்பக்கத் திருகுகளில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார் என்று பொருள்.
- உங்கள் கேமராவைக் கொண்டுபோய் மாட்டி, எல்லா அளவிலும் படம் எடுங்கள்.

சுவரைப் படமெடுங்கள்

புதியதோ பழையதோ, வாங்கிய வாரமே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் ஓடு பதித்த சமமான சுவர் ஒன்று போதும். கேமராவை முக்காலியில் சுவருக்கு நேராக வையுங்கள். ஆகப் பெரிய திறப்பில் ஒரு படம், எஃப்/8இல் ஒரு படம்.

கணினியில் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா மூலையும் நடுப்பகுதியைவிடச் சற்று மங்கலாக இருப்பது வழக்கம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருந்தால், உள்ளே கண்ணாடி ஒன்று சரியாக உட்காரவில்லை என்ற சந்தேகம் வரவேண்டும். கேமரா கோணலாக இருந்ததா என்று உறுதிசெய்ய இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் அதே பக்கம் மங்கலா? கடைக்குத் திரும்பிப் போகலாம்.

பூஞ்சை: நம் ஊர் எதிரி

சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில்கூட 60 விழுக்காட்டுப் பக்கம்தான் இறங்கும். பூஞ்சை வளர 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் போதும். அதன் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. அவற்றைத் தடுக்க முடியாது. ஈரத்தைத்தான் தடுக்க முடியும்.

பூஞ்சை கண்ணாடிமீது உட்கார்ந்திருப்பதோடு நிற்பதில்லை. அது வெளியிடும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும். பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு நின்றுவிடும்.

என்ன செய்யலாம்?

- 'டிரை கேபினட்': மின்சாரத்தில் இயங்கும் உலர்பெட்டி. 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். மிகவும் குறைப்பதும் நல்லதல்ல. ரப்பர் பாகங்களும் உள்ளே இருக்கும் மசகும் காய்ந்துபோகலாம்.
- வசதி இல்லையா? காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி. ஜெல்லின் நிறம் மாறியதும் புதுப்பிக்கவேண்டும். மறந்தால் பயனில்லை.
- தோல் உறையிலோ கேமராப் பையிலோ மாதக்கணக்கில் வைக்காதீர்கள். அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும்.
- குளிர்சாதன அறையிலிருந்து வெளியே போகிறீர்களா? லென்ஸ்மீது உடனே நீராவி படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். லென்ஸ் வெளிச்சூட்டுக்குப் பழகட்டும்.
- மழையில் நனைந்ததா? துடைத்து, நன்றாக உலர்ந்தபிறகே பெட்டிக்குள் வையுங்கள்.

முன்னால் 'ஃபில்டர்' போடலாமா?

இதில் இரண்டு கட்சி உண்டு. மின்னிலக்கக் கேமராவின் உணர்கருவிமீதே புற ஊதாக் கதிர்த் தடுப்பு இருப்பதால் 'யூவி ஃபில்டர்' படத்தை மேம்படுத்தாது. அதன் வேலை பாதுகாப்பு மட்டுமே.

கடற்கரை, மணல், தண்ணீர் தெறிக்கும் இடம் என்றால் போடுங்கள். இரவில் தெருவிளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். விளக்கின் பிம்பம் படத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியக்கூடும். அகலமான லென்ஸுக்கு மெல்லிய விளிம்புள்ளதாக வாங்குங்கள். தடித்த விளிம்பு, படத்தின் மூலைகளைக் கறுப்பாக்கிவிடும்.

சில லென்ஸ்களின் முன்கண்ணாடி பந்துபோல் வெளியே புடைத்திருக்கும். 2007இல் வந்த நிக்கானின் 14-24 மி.மீ. அப்படித்தான், வழக்கமான 'ஃபில்டர்' எதையும் அதில் திருக முடியாது. 2020இல் வந்த அதன் 'இஸட்' வகையில் கூடவே வரும் 'ஹூட்' வழியாக 112 மி.மீ. 'ஃபில்டர்' பொருத்தலாம். அந்த அளவு 'ஃபில்டர்' மலிவாகக் கிடைக்காது. லென்ஸ் விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

'ஹூட்' எப்போதும் இருக்கட்டும். லென்ஸ் எங்காவது இடித்தால் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

துடைக்கும் முறை

சட்டை நுனியால் துடைப்பதை இன்றோடு விடுங்கள்! தூசோடு துடைத்தால் அதுவே கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பிறகு மென்மையான தூரிகை. கறை இருந்தால் மட்டும் லென்ஸ் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். திரவத்தை நேராகக் கண்ணாடியில் ஊற்றினால் விளிம்பு வழியே உள்ளே இறங்கலாம்.

காப்புறுதி உண்டுதானே?

வீட்டுக் காப்புறுதி வெளியே நடக்கும் சேதத்தை ஏற்காமல் போகலாம். பயணக் காப்புறுதியில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு இருக்கும். அது லென்ஸின் விலையைவிடக் குறைவாக இருக்கலாம். கையெழுத்திடுமுன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

லென்ஸுக்கு 3,000 வெள்ளி வைத்திருக்கிறீர்கள் என்றால், அதில் ஒரு பகுதியை உலர்பெட்டிக்கும் காப்புறுதிக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மீதிக்கு வரும் லென்ஸை வாங்குங்கள்.

பிறகு அதை அடிக்கடி வெளியே கொண்டுபோய்ப் படமெடுங்கள். தினமும் கையில் இருக்கும் லென்ஸில் கோளாறு வந்தால் உடனே தெரிந்துவிடும். மறந்துபோன லென்ஸில்தான் பூஞ்சை நிதானமாக வளரும்.